டாலரன்ஸுக்குத் தமிழில் பொறையா, தாங்குதிறனா?

குழுமத்தாருக்கு வணக்கம்.

குழுமத்தில் ஒருவர் எழுதியிருந்தது: “டாலரன்ஸுக்குச் ‘சகிப்புத்தன்மை’ போதும்.”

ஐயா, எனக்கு அது போதவில்லை. அந்தச் சொல்லைக் கேட்டால் மேடைப்பேச்சுதான் ஞாபகம் வருகிறது. அதைவிட, நான் மொழிபெயர்க்கும் பயிர்நோய்க் கட்டுரையில் ரெசிஸ்டன்ஸும் (நோயை எதிர்ப்பது) டாலரன்ஸும் (நோயைத் தாங்கிக்கொள்வது) ஒரே பத்தியில் எதிரும் புதிருமாக நிற்கின்றன. இரண்டையும் பிரிக்காவிட்டால் கட்டுரையே கெட்டுவிடும்.

விஷயம் கென்யாவின் மக்காச்சோளம். 2011-இல் பொமெட் பகுதியில் குருத்து காய்ந்து, கதிரில் மணி பிடிக்காமல் வயல்கள் அழிந்தன. காரணம் இரண்டு வைரஸ்களின் கூட்டு: மக்காச்சோளத்தைச் சோகையாக்கும் ஒன்றை இலைப்பேன் கொண்டுவருகிறது, கரும்புத் தேமல் வைரஸை அசுவினி கொண்டுவருகிறது. 2013-இல் சிம்மிட் என்ற சர்வதேச மக்காச்சோள, கோதுமை ஆராய்ச்சி நிறுவனமும் கென்ய வேளாண் ஆராய்ச்சி நிறுவனமும் நைவாஷாவில் ஒரு சோதனைப் பண்ணை திறந்தன. அங்கே செடிகளுக்கு வேண்டுமென்றே நோயை ஏற்றி, இலையைப் பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள்.

இலை பச்சையாக இருந்தால் நல்ல மதிப்பெண். ஆனால் அதே இலையை அரைத்துச் சோதித்தால் உள்ளே வைரஸ் நிறைய இருக்கலாம். செடி தாங்கிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். அந்தப் பச்சை இலையில் சாறு குடித்த இலைப்பேன் பக்கத்து வயலுக்குப் போனால் அங்கே நோய் வரும். ரெசிஸ்டன்ஸ் உள்ள செடியிலோ வைரஸ் பெருகவே சிரமப்படும்.

ரெசிஸ்டன்ஸுக்கு ‘எதிர்ப்புத்திறன்’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. டாலரன்ஸுக்கு ‘நோய்ப்பொறை’ என்று வைக்கலாமா? பொறை என்றால் சுமை, பொறுமையும்கூட. செடி இரண்டையும்தானே செய்கிறது!

---

சொல் அழகுதான் தம்பி. ஆனால் சென்னைப் பக்கம் பொறை என்றால் டீக்கடையில் நாய்க்குப் போடுவது. ‘நோய்ப்பொறை’ என்று கலைச்சொல் பட்டியலில் போட்டால் பிள்ளைகள் சிரிப்பார்கள். ‘வறட்சி தாங்கும் ரகம்’ என்று விவசாயிகள் சொல்கிறார்களே, அதிலிருந்தே ‘தாங்குதிறன்’ எடுத்துக்கொள்ளக் கூடாதா?

இன்னொன்று. ‘எதிர்ப்பு’ என்ற சொல்லில் சண்டை இருக்கிறது. சில பயிர்களில் செடி வைரஸோடு சண்டையே போடுவதில்லை. வைரஸ் பெருகத் தேவையான ஒரு புரதம் செடியில் மாறியிருக்கும், அதனால் வைரஸுக்கு வேலை ஓடாது. இதை எப்படி எதிர்ப்பு என்பது?

---

பொறை போச்சு. டீக்கடையை மறந்துவிட்டேன், தாங்குதிறனே இருக்கட்டும்.

சண்டை பற்றி நீங்கள் சொன்னது சரி. ஆனாலும் எதிர்ப்புத்திறனை மாற்ற வேண்டாம் என்பதே என் கட்சி. ஊன்றிவிட்ட சொல்லைப் பிடுங்கினால் குழப்பம்தான் மிஞ்சும். அப்படிப்பட்ட எதிர்ப்பு பெரும்பாலும் ஒடுங்கு பண்பாக (தாய், தந்தை இரண்டிலிருந்தும் வந்தால்தான் வெளிப்படும் பண்பாக) வரும், ‘ஒடுங்கு எதிர்ப்பு’ என்றால் விளங்கிவிடும். கென்யாவுக்குக் கைகொடுத்த, தாய்லாந்திலிருந்து வந்த கே.எஸ்.23 என்ற மக்காச்சோள வரிசைகளின் எதிர்ப்பும் ஒடுங்கு பண்புதான், 6-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. ஒட்டு ரகத்தின் தாய், தந்தை இரண்டிலும் அது இருந்தால்தான் பலன். ஒன்றில் மட்டும் சேர்த்தால் உழைப்பெல்லாம் வீண்.

குரோமோசோமில் அந்தப் பண்பு ‘இருக்கிற இடத்துக்கு’ ஆங்கிலச் சுருக்கமான கியூ.டி.எல். (QTL) என்றே எழுதி வைத்திருக்கிறேன். ‘அளவுப்பண்பு மரபிடம்’ என்று போட்டுப் பார்த்தேன், வாய் வலிக்கிறது. யாராவது சுருக்குங்களேன்.