வெட்டிவிட்ட மரம் துளிர்க்கும்போது முள்ளைக் கவனிச்சிருக்கீங்களா?

வைப்பாற்றுக்கரை:
போன கோடையில தீவனம் இல்ல. ஊருணிக்கரை உடைமரத்தைத் தொரட்டியால இழுத்து, எட்டுன கொப்பையெல்லாம் வெட்டி ஆட்டுக்குப் போட்டேன். மழைக்குத் துளிர்த்துச்சு. குட்டி ஒண்ணு முன்னங்காலைத் தூக்கி வச்சு தளிருக்கு வாயைக் கொண்டுபோச்சு, சடக்குன்னு தலையை உதறுச்சு. இமைக்குள்ள வெள்ளை முள்ளு. பிடுங்கினா என் சுண்டுவிரல் நீளம்! வெட்டுவாய்ல கிளம்புன கொப்பு பூரா நீள ஊசி, இடையில கொக்கி முள்ளு. ஆடு எட்டாத உச்சிக் கொப்புல முள்ளு சின்னது, அதுவும் கொஞ்சந்தான். நான் வெட்டாம இருந்தா அந்த முள்ளு வந்திருக்குமா?

கொறங்காட்டான்:
அப்படி எடுத்துக்காதீங்க. முள்ளு ஆட்டைத் தடுக்கறதே இல்லீங்க. எங்க வெள்ளாடு உதட்டைக் குவிச்சு, முள்ளுக்கு நடுவால ஒவ்வொரு இணுக்கா உருவித் திங்கும். வாய் நிறையக் கடிச்சு இழுக்க முடியாது, அவ்வளவுதான். எங்க காட்டு வெள்வேலமரமும் முள்ளுமரந்தான், ஆனா காயை வாரிக் கொடுக்குது. மாடு தின்னு, சாணியில விழுந்து முளைக்குது, யாரும் நடறதில்ல.

ஒண்ணு சொல்றேன். குட்டியைத் துளிர்ப்பக்கம் விடாதீங்க. ஒரே மரத்தை வருசாவருசம் மொட்டையடிக்காம மாத்தி மாத்தி வெட்டுங்க. மழைக்கு மேய்ச்சக்காட்டைச் சுத்தி முள்கிளுவைக் குச்சியை நெருக்கமா ஊனி உயிர்வேலி போடுங்க. உள்ள கொழுக்கட்டைப்புல் விதைச்சுட்டா கோடையிலயும் காஞ்ச புல்லு நிக்கும், மரத்துமேல கத்தி வைக்க வேண்டியதில்ல. வேலிக்குப் படல் வச்சு மந்தையைக் காட்டுக்குக் காடு மாத்துங்க.

நைரோபிவாசி:
தடுக்கறதே இல்லைன்னு சொல்லாதீங்க அண்ணா. கென்யாவுல லைக்கிபியா பக்கம் சீட்டியடிக்கிற வேலமரம் உண்டு. முள்ளோட அடி கோலிக்குண்டு மாதிரி வீங்கி, உள்ள எறும்பு குடியிருக்கும். எறும்பு போட்ட துளையில காத்து நுழைஞ்சா சீட்டிச் சத்தம். ஒரு கொப்பைத் தொட்டேன், கையை எடுக்கறதுக்குள்ள மணிக்கட்டு வரைக்கும் ஏறிக் கடிச்சிருச்சு. தும்பிக்கைக்குள்ள பூந்துரும்னு யானையே அதை விட்டு விலகும்.

அங்க நடந்த ஆய்வு ஒண்ணு 2008-ல வெளிவந்துச்சு. யானை, ஒட்டகச்சிவிங்கி எதுவும் நுழையாம 10 வருசம் மின்வேலி போட்டு வச்ச இடத்துல, மரம் எறும்புக்குக் கொடுக்கற தேனையும் குமிழ்முள்ளையும் குறைச்சுக்கிச்சு. கடிக்க ஆள் இருந்தாத்தான் மரம் செலவு பண்ணுது. வைப்பாற்றுக்கரை கேட்டதுக்கு இதான் பதில்.

வைப்பாற்றுக்கரை:
அப்போ என் அரிவாளுக்கு வந்த முள்ளுதான் அது. குட்டிக்கு இடது கண்ணுல பூ விழுந்திருச்சு. தழை நீட்டினா தலையை இடப்பக்கம் திருப்பி, வலது கண்ணால பார்த்துட்டுத்தான் வாய் வைக்குது.