ப்ரைகெஸ்டூலன் பாறை: 58 வயதில் ஏறலாமா?

கேள்வி (கடலூர்):
ஜூலையில் நார்வேயின் ஸ்டாவாங்கர் நகரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறேன். தினமும் சில்வர் பீச் மணலில் ஐந்து கிலோமீட்டர் நடக்கிறேன். அந்தப் பக்கம் இருக்கும் ப்ரைகெஸ்டூலன் பாறைக்கு 58 வயதில் ஏற முடியுமா?

பதில் (புதுச்சேரி):
தாராளமா ஏறலாம் சார். போய்வர 8 கிலோமீட்டர், நாலு மணி நேரம். உச்சி லீசே ஃபியோர்டுக்கு (மலைகளுக்கு நடுவே நுழையும் குறுகிய கடல்) 604 மீட்டர் மேலே. விளிம்பில் கம்பித் தடுப்பு கிடையாது. நான் போன அன்று மழை. கல்படியெல்லாம் சோப்பு தேய்த்த மாதிரி வழுக்கியது. கான்வாஸ் ஷூ போட்டிருந்ததால் இரண்டு முறை விழுந்தேன். பிடிப்புள்ள பூட்ஸ் கட்டாயம் வாங்குங்கள்.

இன்னொரு பதில்:
வழியெல்லாம் பாறைகளில் பாதை காட்ட சிவப்பு பெயிண்டில் 'டி' (T) எழுத்து இருக்கும். மூடுபனியில் அடுத்த 'டி' தெரியாவிட்டால் அங்கேயே நின்றுவிடுங்கள்.

கேட்டவர்:
சரி தம்பி. பூட்ஸுக்கு ஞாயிறு பாண்டி நேரு வீதி வருகிறேன்.