கியோட்டோவில் அம்மாவை எங்கே அழைத்துப்போகலாம்?

குன்னூர் அண்ணன், அக்காமார்களுக்கு வணக்கம். படிப்பது ஜப்பானின் கியோட்டோவில், விடுமுறைக்கு ஊருக்கு வந்திருக்கிறேன். ஏப்ரல் தொடக்கத்தில் திரும்பும்போது அம்மாவும் உடன் வருகிறார். செர்ரி மரங்கள் பூக்கும் நேரம். முழுதாய் மலர்ந்த பூ ஒரு வாரம் நின்றாலே பெரிது.

முப்பது வருடம் தேயிலைக் கொழுந்து பறித்த அம்மாவின் முழங்கால், படிகளைத் தாங்காது. படிகள் நிறைந்த ஃபுஷிமி இனாரி கோயில் மலையை அதனால் விட்டுவிட்டேன். கால்வாய் ஓரமாகச் சுமார் 2 கிலோமீட்டர் போகும் தத்துவஞானியின் பாதை சமதளம்தான். பூக்காலக் கூட்டத்தில் நடுவே உட்கார இடம் கிடைக்குமா? "நம்மூர் சிம்ஸ் பூங்கா போல மரத்தடியில் உட்காரலாமா?" என்றுதான் அம்மா முதலில் கேட்டார்.

சாப்பாடுதான் பெரும் கவலை. அம்மா அசைவம் தொடமாட்டார். அங்கே தெளிந்த சூப்பில்கூடக் காய்ந்த மீனின் சாறு இருக்கும். இப்போதே வர்க்கியைச் செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியில் அடுக்குகிறார். புத்தத் துறவிகளின் சைவ உணவு குறைந்த விலையில் கிடைக்கும் இடம் தெரிந்தால் சொல்லுங்கள். பெற்றோரைக் கியோட்டோவுக்கு அழைத்துச் சென்றவர்கள் கட்டாயம் எழுதுங்கள்.