ஐஎஃப்சி கோப்பில் மர விவரம் வரவில்லை, உதவுங்கள்

கும்பகோணம் பக்கம் பழைய ஓட்டு வீடு ஒன்றை ஆடி முடிந்ததும் பிரிக்கிறோம், 14 தேக்குத் தூணும் 9 உத்தரமும் திருவாரூரில் கட்டும் புது வீட்டுக்குப் போக வேண்டும். ரெவிட் 2023 என்ற கட்டட வடிவமைப்பு மென்பொருளில் மாடல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் நீளம், விரிசல், கரையான் அரிப்பு எல்லாம் பாராமீட்டராக ஏற்றினேன். அதை ஐஎஃப்சி 4-ஆக (கட்டட மாடலை வேறு மென்பொருளிலும் திறப்பதற்கான பொதுக் கோப்பு வடிவம்) எடுத்து, ஃப்ரீகேட் என்ற இலவச மென்பொருளில் திறந்தால் வடிவம் மட்டும் வருகிறது, விவரம் சுத்தமாகக் காலி. ஐஎஃப்சி 2x3 என்ற பழைய பதிப்புக்கு மாற்றினேன், வேறு வியூவரிலும் திறந்தேன், அப்புறம் ப்ராபர்ட்டி செட்டுக்கு (எந்தெந்த விவரம் கோப்பில் போக வேண்டும் என்ற தொகுப்பு) தனி டெக்ஸ்ட் கோப்பும் எழுதி ஏற்றுமதியில் சேர்த்தேன், அதே கதைதான். மூன்று நாள் போச்சு. (சாக்பீஸால் நம்பர் போட்டால் போதும் என்கிறார் மேஸ்திரி. ஒரு மழை பெய்தால் நம்பர் எங்கே?) அந்த டெக்ஸ்ட் கோப்பில் டேப் வைக்காமல் ஸ்பேஸ் விட்டுப் பிரித்ததுதான் காரணமா?