பால்ட்வின் கட்டுரைத் தொகுப்பு: மேல படிக்கலாமா, மூடி வெச்சிடவா?

அமெரிக்க கறுப்பின எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வினோட 'நோட்ஸ் ஆஃப் எ நேட்டிவ் சன்' வாங்கி ரெண்டு மாசம் ஆச்சு. மொத மூணு கட்டுரையிலயே நொண்டி அடிக்கறேன். அங்கிள் டாம்ஸ் கேபின் நாவல் சரியில்ல, ரிச்சர்ட் ரைட் நாவல் சரியில்ல, கார்மென் ஜோன்ஸ் படம் சரியில்லன்னு ஒரே திட்டு, நான் அதுல ஒண்ணக்கூட படிச்சதும் இல்ல பாத்ததும் இல்ல. 1955ல வந்த புக்க இன்னும் தூக்கி வெச்சு ஆடறீங்களே, அப்படி என்னதான் இருக்கு?

—

அத அங்கயே விட்டுட்டு தலைப்புக் கட்டுரைக்கு போங்க பாஸ். 1943 ஜூலை 29 பால்ட்வினோட அப்பா சாவறாரு, அதே நாள் கடைசி தங்கச்சி பொறக்கறா, இறுதி ஆராதனை அன்னிக்கு இவருக்கு 19வது பொறந்தநாள். போட்டுக்க கருப்பு சட்ட கூட இல்ல, தோழி ஒருத்தி எங்கயோ தேடிப்புடிச்சு அயர்ன் பண்ணித் தர, லேசா போதையோட கெளம்பறாரு. நியூயார்க்ல கறுப்பங்க வாழற ஹார்லெம்ல கலவரம் வேற, கறுப்பு சிப்பாய போலீஸ் சுட்டுச்சு, ஆள் பொழச்சுட்டாரு ஆனா செத்துட்டாருன்னு புரளி. ஒடஞ்ச கடைக் கண்ணாடிக்கு நடுவுலதான் அப்பாவ கல்லறைக்கு கொண்டு போறாங்க.

—

ஸ்கிப் பண்ண சொல்றது எனக்கு ஒப்பல. மனுஷன வெறும் அடையாளமா மாத்திட்டா நாவல் செத்துடும்னு மொத கட்டுரையில சொல்லிட்டுத்தானே அப்பாவ எழுதறாரு? வீட்டு ஆளுங்களே வெஷம் வெக்கறாங்கன்னு சாப்பிடாம கெடந்த கடுகடு மனுஷன், அவர தியாகியாவும் ஆக்கல வில்லனாவும் ஆக்கல. என்ன, ஃபெல்லோஷிப் வாங்கித்தர ஒதவுன ரைட்டையே போட்டுத் தாக்குனது ஏணிய எட்டி ஒதச்ச மாதிரிதான், மனஸ்தாபம் வராம என்ன பண்ணும்.

—

சிரிக்கணும்னா இதே புக்குல 'ஈக்வல் இன் பாரிஸ்' கட்டுரை. 1949 டிசம்பர்ல தெரிஞ்சவன் ஒருத்தன் ஓட்டல்ல சுட்ட பெட்ஷீட்டுக்காக இவரையும் புடிச்சு உள்ள போட்டு, கிறிஸ்மஸே ஜெயில்லதான். கடைசில கோர்ட்ல அந்த பெட்ஷீட் கதைய கேட்டு எல்லாரும் சிரிக்கறாங்க பாருங்க, அதுக்கப்புறம் நமக்கு சிரிப்பு வராது.

—

கேள்வி கேட்டவன்தான். நேத்து நைட் தலைப்புக் கட்டுரை முடிச்சேன். நியூஜெர்சி ஓட்டல்ல கறுப்பங்களுக்கு இங்க குடுக்கறதில்லன்னு சொன்ன பொண்ணு மேல தண்ணி மக்க வீசி, அவ குனிய, பின்னாடி கண்ணாடி சிதறுது. அதுக்கப்புறம் நான் சாவ இருந்தேன்னு மட்டும் சொல்லாம கொல்லவும் ரெடியா இருந்தேன்னு ஒத்துக்கறாரு, அங்க கொஞ்ச நேரம் புக்க மடியில வெச்சுட்டு உக்காந்திருந்தேன். இன்னிக்கு பெட்ஷீட்.