போர்ப் படத்தில் எதிராளிமேல் இரக்கம் வந்த இடம் எது?

கடைசிவரிசை:
‘நோ மேன்ஸ் லேண்ட்’ மறுபடி பார்த்தேன். 2002இல் லகானுக்கு வரவேண்டிய ஆஸ்கரைத் தட்டிக்கொண்டு போன படம் என்ற எரிச்சலில்தான் அப்போது பார்த்தது. போஸ்னியப் போர், ஒரே பதுங்குகுழி, போஸ்னியச் சிப்பாய் சிக்கியும் செர்பியச் சிப்பாய் நீனோவும். போரை ஆரம்பித்தது யார் என்று சண்டை. துப்பாக்கி கை மாறினால் பதிலும் மாறும். அது சிரிப்பு. அப்புறம் பான்யா லூகாவில் தனக்கு ஒரு காதலி இருந்தாள் என்கிறான் சிக்கி. பேரைச் சொன்னதும் நீனோ, ‘அட, என்கூடப் படித்தவள்!’ வெளியூர் பஸ்ஸில் சொந்த ஊர்க்காரனைப் பார்த்த மாதிரி இரண்டு முகமும் மலர்கிறது. கடைசியில் அதே இருவர்... பார்க்காதவர்களுக்காக நிறுத்துகிறேன். அந்தச் சிரிப்புதான் தொண்டையிலேயே நிற்கிறது.

வைகைக்கரை:
எனக்கு ‘லெட்டர்ஸ் ஃப்ரம் ஐவோ ஜீமா’, இரண்டாம் உலகப் போரை ஜப்பானியர் பக்கமிருந்து காட்டும் படம். செத்துப்போன அமெரிக்கப் பையனுக்கு அவன் அம்மா எழுதிய கடிதத்தை ஜப்பானிய அதிகாரி நிஷி ஜப்பானிய மொழியில் வாசிப்பார் (1932 ஒலிம்பிக்கில் குதிரையேற்றத்தில் தங்கம் வாங்கிய நிஜ மனிதர்). பெரிதாக ஒன்றுமில்லை, வீட்டு நாய்கள் வேலிக்கடியில் குழி தோண்டி ஓடிய கதை. என் அண்ணன் ராணுவத்தில் இருந்தபோது அம்மா எழுதியதிலும் பசு கன்று போட்டதுதான் முதல் செய்தி.

தோட்டா:
அம்மா கடிதமெல்லாம் சரி. 1937இல் சீனாவின் நான்கிங்கில் அதே ஜப்பானிய ராணுவம் செய்த படுகொலை எந்தக் காட்சியில் வருகிறது? கொன்றவனுக்கும் அம்மா உண்டு என்று காட்டினால் கணக்கு தீர்ந்துவிடுமா? எனக்கும் அழுகை வந்தது. அதுதான் உறுத்துகிறது.

வைகைக்கரை:
பிடிபட்ட அமெரிக்கனை ஜப்பானியர்கள் குத்திக் கொல்வதும், சரணடைந்த ஜப்பானியர்களை அமெரிக்கன் சுடுவதும் அதே படத்தில் இருக்கிறது. யாருக்கும் வெள்ளையடிக்கவில்லை, தோட்டா.

பழையரீல்:
1930இல் வந்த ‘ஆல் குவைட் ஆன் தி வெஸ்டர்ன் ஃப்ரண்ட்’. முதல் உலகப் போர். பால் என்ற ஜெர்மன் சிப்பாய் கத்தியால் குத்திய பிரெஞ்சுக்காரன் குண்டுக்குழியில் பக்கத்திலேயே கிடந்து மெல்ல மெல்லச் சாகிறான். நடித்தவர் ரேமண்ட் கிரிஃபித், குரல் கெட்டுப்போன மௌனப்பட நகைச்சுவை நடிகர். வெறும் முகம்தான். அவ்வளவுதான் என் கதை.
இனிமேல் பார்க்கப்போகிறவர்களுக்கு: 2022இல் வந்த ஜெர்மன் படத்தை முதலில் பார்க்காதீர்கள், பழையதில் தொடங்குங்கள். டப்பிங் வேண்டவே வேண்டாம், சப்டைட்டில் போதும். கைபேசியிலும் வேண்டாம். தூங்கப்போகும் முன் பார்த்தால் தூக்கம் போய்விடும். வளர்ந்த பிள்ளைகள் இருந்தால் கூட உட்காரவைத்துப் பாருங்கள். 1930 டிசம்பரில் பெர்லினில் இதைத் திரையிட்டபோது நாஜித் தலைவர் கோயபல்ஸின் ஆட்கள் அரங்குக்குள் வெள்ளெலிகளை விட்டு, நாற்றக் குண்டு போட்டுக் கலைத்ததையும், சில நாளில் தடை வந்ததையும் அவர்களிடம் சொல்லுங்கள். பாதியில் எழுந்து டீ போடப் போகாதீர்கள்.

தோட்டா:
பாடத்திட்டம் யாரும் கேட்கவில்லை ரீல் ஐயா. ஆனால் அந்த எலி விஷயம் என் கேள்விக்குப் பாதிப் பதில். எதிரியின் முகத்தைக் கண்டு பயந்தது அவர்கள்தான். மீதிப் பாதி அப்படியே இருக்கிறது.

சிங்கிள்டீ:
‘ஹெல் இன் தி பசிபிக்’ (1968) யாரும் சொல்லவில்லையே! ஆளில்லாத தீவு, அமெரிக்கனாக லீ மார்வின், ஜப்பானியனாக மிஃபூனே. ஜப்பானிய வசனத்துக்கு சப்டைட்டிலே கிடையாது. பக்கத்தில் மாமா ரிமோட்டைக் குடைந்துகொண்டே இருந்தார். இரண்டு நடிகர்களுமே நிஜமாகவே இரண்டாம் உலகப் போரில் எதிரெதிர்ப் படையில் இருந்தவர்கள். மார்வின் 1944இல் சைபான் தீவில் காயம்பட்டவர். குடிதண்ணீருக்கு அடித்துக்கொள்கிறவர்கள் அப்புறம் சேர்ந்து தெப்பம் கட்டுகிறார்கள். நான் பார்த்ததில் முடிவு சட்டென்று குண்டு வெடித்து முடிந்துவிட்டது. வேறு முடிவு உள்ள பிரதியை யாராவது பார்த்தீர்களா?