ப்ரொஜெக்ட் ஃபோல்டர் 477 எம்பி: வீடியோவை அழித்தும் இறங்கவில்லை, மீதி எங்கே இருக்கிறது?

உப்புவெளிக்காரி

வணக்கம். மாலை நேர வெப் வகுப்பு ஒன்றுக்குப் போகிறேன். கடைசி வேலையாக எங்கள் திருகோணமலையைப் பற்றி ஒரு சின்ன வெப்சைட் செய்திருக்கிறேன். கோணேசர் கோயில், கோட்டைக்குள் திரிகிற மான்கள், புறாத்தீவு, கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழும் தனித்தனிப் படமாக. வெப்சைட் செய்ய உதவும் ரியாக்ட், வீட் என்ற கருவிகள் இரண்டையும் வைத்துச் செய்தது. ஞாயிறு இரவுக்குள் ஸிப் செய்து ஏற்ற வேண்டும். 50 எம்பிக்கு மேல் போனால் வகுப்பின் ஏற்றும் பக்கம் வாங்காது.

கோயில் பாறையின் கீழே அலை அடிக்கிற வீடியோ ஒன்று வைத்திருந்தேன். அது மட்டும் 118 எம்பி. மனமே இல்லாமல் அழித்தேன். அப்படியும் ஃபோல்டர் 477 எம்பி காட்டுகிறது. செவன் ஸிப்பில் போட்டால் 320 அளவில் நிற்கிறது. நான் கையால் எழுதிய கோட் எல்லாம் சேர்த்து 84 கேபிதான்!

இன்னொன்று. உள்ளே தெரிகிற ஃபோல்டர்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக் கூட்டினேன். நோட் மொடியூல்ஸ் 214, படங்கள் 72. மொத்தம் 286. மற்றதெல்லாம் கணக்கில் எடுக்கத் தேவையில்லாத அளவு. அப்படியென்றால் மீதி 191 எங்கே? வீட்டில் போன் டேட்டாதான், திரும்பத் திரும்ப ஏற்றிப் பார்க்க வழியில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நிலாவெளி மணல்

முதலில் நோட் மொடியூல்ஸை ஸிப்பிலிருந்து எடுத்துவிடுங்க. அது நீங்க எழுதினது இல்லை, வெப்சைட் ஓட இறக்கின மற்றவங்க கோட். எதை இறக்கணும் என்ற பட்டியல் இருக்கிற பெக்கேஜ் ஜேசன் கோப்பு இருந்தால் போதும், திருத்துகிறவர் என்பிஎம் இன்ஸ்டோல் என்று கட்டளை அடித்தால் அவருடைய கணினியில் தானாக வந்துவிடும்.

கடற்கரை வீதி அக்கா

தங்கச்சி, மேலே சொன்னது சரி. ஆனால் நோட் மொடியூல்ஸை எடுத்த பிறகும் உங்களுக்கு 263 எம்பி மிஞ்சும். நீங்கள் தேடுகிற அந்த 191தான் இங்கே உண்மையான விஷயம். கூட்டிப் பார்த்தீர்களே, அது நல்ல வேலை.

விண்டோஸில் ஃபோல்டரைத் திறந்து, மேலே வியூ என்பதில் மறைந்திருக்கும் கோப்புகளைக் காட்டச் சொல்லுங்கள். டொட் கிட் என்று மங்கலாக ஒரு ஃபோல்டர் எட்டிப் பார்க்கும். கோப்புகளின் பழைய நிலைகளைச் சேமித்து வைக்கும் கிட் என்ற கருவியை வகுப்பில் சொல்லித் தந்திருப்பார்கள், நீங்களும் வீடியோவோடு சேர்த்து ஒருமுறை கொமிட் செய்திருப்பீர்கள், அதாவது அப்போதைய நிலையைப் பதிந்திருப்பீர்கள். கிட் எதையும் மறக்காது. அந்த வீடியோவின் பிரதி ஒன்றும் படங்களின் பிரதிகளும் அதற்குள்ளே அப்படியே கிடக்கின்றன. நீங்கள் அழித்தது வெளியே இருந்ததை மட்டும்தான். வீடியோ 118, படங்கள் 72, கூட்டுங்கள்: 190. கணக்கு கிட்டத்தட்ட ஒத்துவருகிறதா?

இதே இடத்தில் நான் இரண்டு நாள் தவித்திருக்கிறேன். பெரிய கோப்பை அழித்து, புதிதாகக் கொமிட் செய்து, கிட் வேலைகளை இணையத்தில் வைக்கும் தளமான கிட்ஹப்புக்கு அனுப்பினால் மறுபடி மறுபடி திருப்பி அனுப்பியது. 100 எம்பியைத் தாண்டிய ஒரு கோப்பு பழைய கொமிட்டில் இருந்தாலும் கிட்ஹப் ஏற்காது என்பது அப்போது எனக்குத் தெரியாது. யாரும் சொல்லித் தரவும் இல்லை. அதனால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

உங்களுக்கு வேண்டியது ஸிப் மட்டும் என்றால் டொட் கிட்டை அதில் சேர்க்காதீர்கள், அவ்வளவுதான். கணினியில் இருக்கிற மூல ஃபோல்டரில் அதை அழிக்கவே வேண்டாம், உங்கள் பழைய வேலை எல்லாம் அதில் இருக்கிறது. முழு ஃபோல்டரையும் இன்னொரு இடத்தில் கொப்பி எடுத்து, அந்தக் கொப்பியில் டொட் கிட், நோட் மொடியூல்ஸ் இரண்டையும் நீக்கி ஸிப் செய்யுங்கள். டிஸ்ட் என்று ஒரு ஃபோல்டர் இருந்தால் அதுவும் போகட்டும், வெப்சைட்டைப் பில்ட் செய்தால் (கோட்டிலிருந்து மறுபடி கட்டினால்) திரும்ப வரும். பெக்கேஜ் லொக் கோப்பை மட்டும் தொடாதீர்கள். எந்தப் பதிப்பை இறக்க வேண்டும் என்று அதுதான் சொல்கிறது.

"எதையெல்லாம் விட்டுவிட வேண்டும் என்று பட்டியலிடும் கிட்இக்னோர் கோப்பில் நோட் மொடியூல்ஸ் இருக்கிறதே, பிறகு ஏன் ஸிப்பில் வந்தது" என்று கேட்பீர்கள். கிட்இக்னோர் சொல்வதைக் கிட் மட்டும்தான் கேட்கும். செவன் ஸிப்புக்கு அது தெரியாது.

வகுப்பில் கொமிட் வரலாறும் கேட்டால் வேறு வழி பார்க்க வேண்டும். கிட் ஃபில்டர் ரெப்போ என்ற கருவி பழைய கொமிட்டுகளிலிருந்து அந்த வீடியோவை மட்டும் எடுத்துவிடும். கொப்பி எடுக்காமல் அதைத் தொடாதீர்கள்.

மூதூர் படகு

நான் படங்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஸிப் செய்தால் ஜேபெக் (ஜேபிஜி) படம் சுருங்காது, வீடியோவும் அப்படித்தான், அவை ஏற்கனவே சுருக்கியவைதான். அதனால்தான் உங்கள் 477இல் பெரும்பகுதி அப்படியே நின்றது.

போனில் எடுத்த படம் 4000க்கு 3000 பிக்சல் இருக்கும். உங்கள் பக்கத்தில் அது எவ்வளவு அகலத்தில் தெரியப்போகிறது? 1600 அகலம் தாராளம். 1600க்கு 1200 ஆக்கினால் பிக்சல் எண்ணிக்கை ஆறில் ஒரு பங்குதான். ஸ்கூஷ் என்று கூகுளின் இலவசக் கருவி உண்டு, பிரவுசரிலேயே ஓடும். படம் உங்கள் கணினியை விட்டு வெளியே போகாது, டேட்டாவும் மிச்சம். அங்கே அகலத்தை மாற்றி, வெப்பி என்ற படக் கோப்பு வகையில் 75 தரத்தில் சேமியுங்கள். படம் எடுத்த இடம் போனில் பதிந்திருந்தால் அந்த விவரமும் புதிய கோப்பில் இருக்காது. வீட்டு முற்றத்தில் எடுத்த படங்களுக்கு அது நல்லது.

வீடியோவை யூடியூபில் பட்டியலிடாமல் ஏற்றி, இணைப்பை மட்டும் பக்கத்தில் வைக்கலாம்.

கடற்கரை வீதி அக்கா

ஒன்று விட்டுப்போச்சு. ஏற்றுமுன் அந்த ஸிப்பை வேறொரு ஃபோல்டரில் விரித்து, என்பிஎம் இன்ஸ்டோல் அடித்து ஓட்டிப் பாருங்கள். முன்பு இறக்கியவற்றை என்பிஎம் தன் கேஷில், அதாவது உங்கள் கணினியிலேயே சேமித்து வைத்திருக்கும், டேட்டா அதிகம் போகாது.

உப்புவெளிக்காரி

அக்கா, டொட் கிட் இருந்தது! சரியாக 191 எம்பி. பார்த்ததும் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

கொப்பி எடுத்து இரண்டையும் நீக்கினேன். படங்கள் 16ஐயும் ஸ்கூஷில் போட்டேன், ஒரு மணித்தியாலம் பிடித்தது. இப்போது ஸிப் 4.3 எம்பி. விரித்து ஓட்டியபோது படம் ஒன்றும் வரவில்லை, கோட்டில் பழைய ஜேபிஜி பெயர்களே இருந்தன. அவற்றை வெப்பி என்று மாற்றியதும் எல்லாம் வந்துவிட்டன. பிறகு ஏற்றினேன், ஒரே தடவையில் போய்விட்டது.

மான் படம் மட்டும் 75இல் சரிவரவில்லை. முதுகில் இருக்கும் வெள்ளைப் புள்ளிகள் ஒன்றோடொன்று கலங்கிப் போயின. அதை 88இல் வைத்தேன், 610 கேபி. மூலப் படங்கள் அண்ணாவின் பென் டிரைவில் இருக்கின்றன. அலை வீடியோவும் போனில் இன்னும் அழியாமல் இருந்தது, அதையும் அதிலேயே போட்டுவிட்டேன்.